இந்திய நகரங்களில் மக்கள்தொகை பெருகுவதால் வரும் சமூக விளைவுகள் என்ன?

இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், "கிராமத்திலிருந்து எல்லாரும் கிளம்பி வந்துவிடுகிறார்கள், அதனால்தான் நெரிசல்" என்பது. இது பாதி உண்மைகூட இல்லை. 2001இல் சுமார் 28.6 கோடியாக இருந்த இந்திய நகர மக்கள்தொகை 2011இல் 37.7 கோடி ஆனது. கூடியதில் பெரும் பங்கு நகரத்திலேயே பிறந்த பிள்ளைகளும், இருந்த இடத்திலேயே நகரமாகிப் போன ஊர்களும்தான். கணக்கெடுப்பில் மட்டும் நகரம் என்று பெயர் பெற்ற ஊர்கள் அந்தப் பத்து ஆண்டுகளில் 1,362லிருந்து 3,894 ஆகின. அங்கெல்லாம் நிர்வாகம் அப்போதும் ஊராட்சிதான். அடுக்குமாடி வந்துவிடும், பாதாளச் சாக்கடை வராது.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது வேறு. நகரத்துக்கு உழைப்பவர்கள் வேண்டும், அவர்கள் குடியிருப்பது மட்டும் வேண்டாம். நான் சென்னைவாசி, அதனால் சென்னையையே சொல்கிறேன். கூவம், அடையாறு கரைகளில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமெடுத்தது. கரையில் வாழ்வது ஆபத்து என்பது சரிதான். ஆனால் அனுப்பிய இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்.

வீடு கான்கிரீட் வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் அங்கிருந்து காலை ஆறு மணிக்கு எப்படி வந்து சேருவாள்? ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தே போன வாழ்க்கை அது. தூரம் கூடியதும் பலருக்கு வேலையே போனது. 2021இல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று ஆனது பெரிய ஆறுதல். என்றாலும் பயணத்தில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது? அம்மா இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாதபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பழைய தெருவின் அத்தையும் பாட்டியும் பக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் மாறி, படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதும் வேலை தரத் தயங்குகிறவர்களும் உண்டு. ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, அங்கே குற்றம் அதிகம் என்று பேசுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் நிலை இதைவிட மோசம். நகரம் கட்டுகிற அவர்களுக்குத் தகரக் கொட்டகைதான் வீடு. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்தே போனார்களே, வேலை நின்றதும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாததால்தான்.

நாட்டில் இடமே இல்லையா என்றால், 2011 கணக்கெடுப்பின்படி நகரங்களில் மட்டும் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. அதே காலத்தில் வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்று அரசின் நிபுணர் குழு மதிப்பிட்டது, அதில் மிகப் பெரும்பகுதி ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும். ஆகவே கூட்டத்தைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டுப்படியாகிற வாடகை வீடுகளை மாநகராட்சிகளிடம் கேளுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடமே தொடங்கலாம்.