மறு: நன்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது

தம்பி, மின்வெட்டால் கடை நட்டத்தில் ஓடும்போது தினமும் மூன்று வரி நன்றி எழுதுவது பொய்யாகப் படுகிறது என்கிறீர்கள். படத்தானே செய்யும்! அந்த மூன்று வரிக் கணக்கை விட்டுவிடுங்கள்.

1987 செப்டம்பரில் பர்மாவில் 25, 35, 75 கியாட் பணத்தாள்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின, அரசு மாற்றியும் தரவில்லை. ரங்கூனில் என் அப்பாவின் சேமிப்பு முழுவதும் பிஸ்கட் டப்பாவில் அந்தத் தாள்களாகவே இருந்தது. அன்றைக்கு அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினார். மறுநாள் விடியற்காலை எதிர்வீட்டு பர்மியப் பாட்டி ஒரு கிண்ணம் மொஹிங்காவை (மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) தட்டால் மூடிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார். மீன்குழம்பில் கிடந்த வாழைத்தண்டைக்கூட விடாமல் அப்பா தின்றார். பிறகு போய்க் கடையைத் திறந்தார். கடன் அடைய ஆறு ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

நீங்களும் அப்படி உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததை மட்டும், தந்தவர் பெயரோடு எழுதிப் பாருங்கள். ஒன்றும் வராத நாளில் பக்கத்தைக் காலியாக விடுங்கள். என் நோட்டில் போன மாதம் 11 பக்கங்கள் காலி.