கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது வேலை மாறலாமா?

தம்பி, மாலை ஐந்து மணிக்கு லேப்டாப்பை மூடிவிடலாம், மேனேஜரும் நல்லவர், அமெரிக்க கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவும் அப்ரூவ் ஆகிவிட்டது. இதை விட்டுவிட்டு, சம்பளம் அதிகம் ஆனால் ஆன்-கால் (முறை வரும்போது ராத்திரியிலும் அழைப்பு வந்தால் எழுந்து வேலை பார்ப்பது) உள்ள வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போதிருப்பது நிம்மதியான வேலைதான். ஆனால் கிளையண்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேலை போய்விட்டால், எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அடுத்த வேலை தேட 60 நாள்தான். பல வருடம் ஒரே பழைய சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் அந்த 60 நாளில் இன்டர்வியூவுக்குத் தயாராக முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரவே கூடாது.

ஐ-140 அப்ரூவ் ஆன தேதியை முதலில் பாருங்கள். 180 நாள் தாண்டியிருந்தால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் அப்ரூவல் ரத்தாகாது. அதை வைத்து ஆறு வருடத்துக்கு மேலும் எச்-1பியை நீட்டிக்கலாம், உங்கள் மனைவியின் எச்-4 ஈஏடிக்கும் (வேலை அனுமதிக்கும்) பாதிப்பில்லை. சில வாரம் குறைந்தால் சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். புதிய கம்பெனி பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று), ஐ-140 இரண்டையும் முதலிலிருந்து போடவேண்டும். வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பிரையாரிட்டி தேதி மட்டும் பழையதே. எப்போது தொடங்குவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

புதிய கம்பெனியின் எச்-1பி மனு தாக்கலானதுமே அங்கே சேரச் சட்டம் அனுமதிக்கிறது. இருந்தாலும் அதற்கு அப்ரூவல் வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். பிரீமியம் (விரைவாகப் பரிசீலிக்கக் கூடுதல் கட்டணம்) கட்டினால் 15 வேலை நாளில் பதில் வந்துவிடும், அதற்குமேல் என்ன அவசரம்?

ஆஃபரில் ஆர்.எஸ்.யூ. என்று தரும் கம்பெனிப் பங்குகளைக் கழித்துவிட்டு, மாதச் சம்பளத்தில் வீடு நடக்குமா என்று கணக்குப் போடுங்கள். பல கம்பெனிகளில் முதல் வருடம் முடியும்வரை ஒரு பங்கும் கைக்கு வராது. வந்தாலும் பெரும்பாலும் 22 சதவீதம்தான் ஃபெடரல் வரி பிடிப்பார்கள். உங்கள் வரி விகிதம் அதைவிட அதிகமானால் மீதியை ஏப்ரலில் நீங்கள்தான் கட்டவேண்டும்.

ஆன்-கால் பற்றி மேனேஜரிடம் கேட்டால் போதாது, அந்த டீமில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். சுற்றில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்று. நாலு பேர்தான் என்றால் மாதத்தில் ஒரு வாரம் உங்களுடையது. குழந்தைக்கு எட்டு மாதம் என்கிறீர்கள். அந்த வாரங்களில் ராத்திரி குழந்தையைப் பார்ப்பது முழுக்க உங்கள் மனைவிதான். கையெழுத்துப் போடுமுன் அவருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவரும் வேலைக்குப் போவதாக இருந்தால் டே-கேரில் இப்போதே பெயரைப் பதியுங்கள், இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்.