விண்வெளி நிலையத்தில் நீரும் காற்றும்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: விண்வெளி வீரர்கள் சிறுநீரையா குடிக்கிறார்கள்?
சிறுநீரிலிருந்து காய்ச்சி வடித்து, வடிகட்டிச் சுத்தம் செய்த நீரை. வியர்வையும் மூச்சுக்காற்றின் ஈரமும் அதில் சேரும்.

கேள்வி: 2009-ல் நிலையத்தில் சிறுநீரைச் சுத்தம் செய்யும் கருவி அடைத்துக்கொண்டதாமே, ஏன்?
இதைக் கேட்டதற்கு நன்றி. எடையற்ற நிலையில் எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து சிறுநீரில் இறங்கும். சிறுநீர் கெடாமலிருக்கக் கந்தக அமிலம் கலந்தார்கள். நீர் ஆவியாக ஆவியாக மிச்சம் கெட்டியாகி, உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல, அந்தக் கால்சியமும் அமிலமும் சேர்ந்து உண்டான கால்சியம் சல்பேட் உள்ளே படிந்தது. சிறுநீரிலுள்ள நீரில் 85 சதவீதம் மீட்க வேண்டிய கருவியை எழுபது சொச்சத்தோடு நிறுத்தி ஓட்டினார்கள். பிற்பாடு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகுதான் பழைய அளவு திரும்பியது.

கேள்வி: இப்போது 98 சதவீதமாமே, எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுகிறதா?
2023-ல் எட்டிய அந்த 98, சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாம் சேர்ந்த மொத்த நீருக்கு மட்டும். தயவுசெய்து காற்றோடு குழப்பாதீர்கள். நீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். மிஞ்சும் ஹைட்ரஜனை நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்தால் நீரும் மீத்தேனும் வரும், அதுதான் சபாத்தியே வினை. மீத்தேனை வெளியே விட்டுவிடுவதால் அதிலுள்ள ஹைட்ரஜனும் போய்விடும், ஆக்சிஜன் பாதியளவுதான் மீளும்.

கேள்வி: செடி வளர்த்தால் போதாதா?
போதாது. 2015-ல் நிலையத்தில் விளைந்த கீரையைச் சாப்பிட்டார்கள், ஆனால் அது ஒரு வாய்க்குத்தான். செடி, மண், மனிதர் எல்லாவற்றையும் வெளிக்காற்று புகாமல் மூடி வைத்துச் சோதித்த, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள பயோஸ்பியர் 2 கட்டடத்தைப் பாருங்கள், அங்கே செடிகள் இருந்தும் காற்று போதவில்லை.

கேள்வி: அதைத் தோல்வி என்கிறீர்களா? அநியாயம்!
நான் அப்படிச் சொல்லவில்லை, அதை மதிக்கிறேன். 1991-ல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள், ஆக்சிஜன் 21-லிருந்து 14 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கியது. வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் அதை மூச்சாக இழுத்தன. அவை விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் ஆக்சிஜன் எங்கே போனதென்று கண்டுபிடிக்கவே நாளானது. சுவர்கூடக் கணக்கில் வரும் என்று அவர்கள்தானே நமக்குக் காட்டினார்கள்!

கேள்வி: பாசி வளர்த்தால்?
செடிக்குச் சொன்னதேதான். பாசியும் செடியும் வளர்த்து மனிதர்களை உள்ளே வைத்துச் சோதித்த மூடிய கூடமான சோவியத் பயோஸ்-3 பற்றித் தேடிப் படியுங்கள்.

கேள்வி: செவ்வாய்ப் பயணத்துக்கு இதே கருவி போதுமா?
திரும்பவும் சொல்கிறேன், சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், உதிரி பாகத்தையும் பாருங்கள். நிலையத்தில் பம்பு கெட்டால் அடுத்த சரக்குக் கலத்தில் வரும். செவ்வாய்க்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.