ஒரு காசு குறையாமல்

கேள்வி: எனக்கு வயது 54. சேமிப்பு முழுவதும் வங்கி வைப்பிலும் நீண்ட கால அரசுக் கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. அரசுகள் தங்கள் கடனைப் பணவீக்கத்தால் கரைத்துவிடுகின்றன என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இது பட்டப்பகல் திருட்டு அல்லவா? பணத்தை எங்கே மாற்றுவது? அடுத்த மாதம் அம்மாவுக்கு வேறு ஒரு தொகை கொடுக்க வேண்டும். 12 வருடம் முன்பு வீடு கட்ட, அப்பா விட்டுப்போன பணத்திலிருந்து வாங்கியது. வட்டி கிடையாது, ஒரு காசு குறையாமல் திருப்புகிறேன். அதுபோக மீதியை என்ன செய்யலாம்?

பதில்: மீதியை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த 'ஒரு காசு குறையாமல்'.

நீங்கள் படித்தது உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல் அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு வெளியே வாங்கியிருந்த கடன் நாட்டின் ஒரு வருட உற்பத்தியைவிடப் பெரியது, சுமார் 106 சதவீதம். 1974-ல் அது 25 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பத்திரம் வைத்திருந்த எல்லோருக்கும் சொன்ன தேதியில் சொன்ன டாலரைக் கொடுத்தார்கள். பொருளாதாரம் வளர்ந்தது இதற்கு ஒரு பெரிய காரணம், மறுப்பதற்கில்லை. இன்னொரு காரணம், திருப்பிக் கொடுத்த டாலருக்கு வாங்கிய டாலரின் பலம் இல்லை. 1947-ல் அங்கே விலைவாசி 14 சதவீதம் ஏறியது. நீண்ட காலப் பத்திரத்தின் வட்டி 2.5 சதவீதத்தைத் தாண்டாமல் மத்திய வங்கி 1951 வரை பிடித்து வைத்திருந்தது. பத்திரம் வைத்திருந்தவர் வட்டியும் வாங்கினார், ஏழையும் ஆனார்.

பணவீக்கம் மட்டும் இருந்தால் இது இவ்வளவு நாள் ஓடாது. விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் கடன் கொடுப்பவர் வட்டியை ஏற்றிக் கேட்பார். அப்படிக் கேட்க விடாமல் செய்வதைத்தான் பொருளியலில் நிதி ஒடுக்குமுறை என்கிறார்கள். வங்கிகள் வைப்புக்குத் தரும் வட்டிக்கு அமெரிக்காவில் 1930களில் உச்சவரம்பு கட்டினார்கள். அது முழுதாக விலக 1986 ஆனது. தங்கக் கட்டி வாங்கி வைக்கலாம் என்றால் 1933 முதல் 1974 கடைசி வரை தடை. பிரிட்டனில் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1939 முதல் 1979 வரை கட்டுப்பாடு. கார்மென் ரைன்ஹார்ட், பெலன் ஸ்ப்ரான்சியா என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2011-ல் கணக்குப் பார்த்தார்கள். 1945 முதல் 1980 வரை வளர்ந்த நாடுகளில் ஏறக்குறைய பாதிக் காலம், பணவீக்கத்தைக் கழித்தால் வட்டி பூஜ்யத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. வேறு வாசல் இல்லாதவரிடம் மலிவாக வாங்கி, மெலிந்த பணத்தில் திருப்புவது. அவ்வளவுதான் வித்தை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கு எந்த வாசல் திறந்திருந்தது? மகன் வீடு கட்டுகிறான், கையை நீட்டுகிறான். வட்டி எவ்வளவு தருவாய் என்று எந்த அம்மா கேட்பார்? திருப்பும் தேதியையும் நீங்களே வைத்துக்கொண்டீர்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரண்டு மடங்காகிறது. அதாவது நீங்கள் பெருமையாகத் திருப்பப்போகும் தொகை, வாங்கியதில் பாதி. அந்த அரசாவது 2.5 சதவீதம் கொடுத்தது. நீங்கள் அதுவும் கொடுக்கவில்லை. வீட்டின் மதிப்பு ஏறியது உங்கள் பக்கம், விலைவாசி ஏறியது அம்மாவின் பக்கம்.

போர்க்கடனை இப்படி அடைத்ததை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நேராக வரி போட்டிருக்க வேண்டும், போட்டால் ஓட்டு போகும் என்று சேமித்து வைத்த வயதானவர்கள் தலையில் கட்டினார்கள். அநியாயம்தான். ஆனாலும் அவர்களுக்கு ஒரு போர் இருந்தது. உங்களுக்கு இருந்தது ஒரு வீட்டுப் பிளான்.

அம்மா கேட்கவில்லையே என்று பதில் எழுதாதீர்கள், அந்த வரியை நிறையப் படித்துவிட்டேன். பெற்றவரிடம் வாங்கினால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியாளிடம் குறைத்துக் கொடுத்தால் வாசலில் வந்து சண்டை போடுவார். அம்மா போடமாட்டார், அந்தத் தைரியத்தில்தான் தம்பி நீங்கள் இருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. கடன் வாங்கிய மாதத்தின் நுகர்வோர் விலைக் குறியீட்டையும் (விலைவாசியை அளந்து அரசு வெளியிடும் எண்) இந்த மாதத்தினுடையதையும் எடுங்கள். புதியதைப் பழையதால் வகுத்து, வாங்கிய தொகையைப் பெருக்குங்கள். அசல் அதுதான். பிரிட்டன் 1981-லும் அமெரிக்கா 1997-லும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பத்திரங்களை விற்கத் தொடங்கின, அவற்றிலும் இதே கணக்குதான். அதற்குமேல் 12 வருட வட்டி எவ்வளவு என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் மீதிப் பணத்துக்கு: எல்லாவற்றையும் நீண்ட கால நிலையான வட்டியில் பூட்டாதீர்கள், பணவீக்கம் ஏறும்போது பலமாக அடிபடுவது அதுதான். ஒரு பகுதி குறுகிய தவணையில் இருக்கட்டும், வட்டி ஏறினால் புதிய விகிதத்துக்கு மாற்றலாம். விலைவாசியோடு ஏறும் பத்திரம் உங்களுக்குக் கிடைத்தால் அதில் ஒரு பகுதி. நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய அளவுக்குப் பங்குகள். பதறிப்போய் அத்தனையையும் தங்கமாக்க வேண்டாம்.

கூட்டிய தொகையைப் பார்த்ததும் அம்மா எனக்கெதற்கு இவ்வளவு என்பார். அவர் பெயரிலேயே போட்டுவிட்டு வாருங்கள். எதில் போடுவது என்று இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். உங்களுக்குச் சொன்னதேதான். பங்கை மட்டும் விட்டுவிடுங்கள், தவணையை இன்னும் குறுக்கி வையுங்கள், அவருக்குப் பணம் சீக்கிரம் தேவைப்படும்.