ரசீது அடித்த கல்லும் கிழிந்த வரிச்சீட்டும்

கேள்வி: மக்கான் அருகே சிப்பாய் எழுச்சி நினைவுத்தூணைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஸ்பெயினை எதிர்த்து பிலிப்பைன்ஸில் நடந்த எழுச்சியும் நம் ஊர்போல ஒரே இரவில் வெடித்ததா?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. நான்கு வருடத் தயாரிப்பு அது. ஆனால் தொடங்கும் நாளைக் குறித்தது தலைவர்கள் அல்ல, ஒரு காட்டிக்கொடுப்பு.

எழுத்தாளர் ஹோசே ரிசாலை ஸ்பானிய அரசு நாடுகடத்தப் போகிறது என்ற செய்தி பரவிய 1892 ஜூலை 7 அன்று, மணிலாவில் ஆண்ட்ரஸ் பொனிபாசியோவும் சில நண்பர்களும் 'கத்திபுனான்' என்ற ரகசியச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆள் சேர்க்க முக்கோண முறை. ஒருவர் இரண்டு பேரைச் சேர்ப்பார். அந்த இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. பிடிபட்டவரை எவ்வளவு அடித்தாலும் மூன்று பெயருக்கு மேல் வராது: தன்னைச் சேர்த்தவர், தான் சேர்த்த இருவர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேகம் போதவில்லை; அந்த வருடமே கைவிட்டார்கள். பிறகு சடங்கு வைத்துச் சேர்த்தார்கள். புதியவர் இடது முன்கையில் கீறி, அந்த ரத்தத்தைத் தொட்டுக் கையெழுத்துப் போடவேண்டும்.

1896-இல் 'கலாயான்' (விடுதலை) என்ற பத்திரிகை வந்தது. முகப்பில் யோகோஹாமா என்று போட்டு, மணிலாவிலேயே அச்சடித்தார்கள். போலீஸ் ஜப்பானில் தேடட்டும் என்றுதான்! அதன்பின் உறுப்பினர்கள் 30,000 பேர் ஆனார்கள் என்பது சங்கத்து டாக்டர் பியோ வாலன்சுவேலா சொன்ன கணக்கு; அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் சேர்ந்த வேகத்தில் துப்பாக்கி சேரவில்லை. பெரும்பாலோர் கையில் இருந்தது போலோ, அதாவது வயல்வெட்டுக் கத்தி. ஜூன் மாதம் வாலன்சுவேலா, ரிசாலை அரசு கொண்டுபோய் வைத்திருந்த தெற்குப் பிலிப்பைன்ஸ் ஊரான தபித்தானுக்கே போய் அவரிடம் யோசனை கேட்டபோது, ஆயுதமில்லாமல் இறங்காதீர்கள் என்றுதான் பதில் வந்தது.

ஆகஸ்ட் 19 அன்று குட்டு உடைந்தது. 'தியாரியோ தே மணிலா' அச்சுக்கூடத் தொழிலாளி தியோடோரோ பட்டின்யோ, சக தொழிலாளியோடு ஏற்பட்ட தகராறில் சங்கத்தைப் பற்றித் தன் தங்கையிடம் சொல்லிவிட்டார். அவள் இருந்த அநாதை விடுதியின் கன்னியாஸ்திரி மூலம் விஷயம் தொண்டோ பங்குச் சாமியார் மரியானோ கில் காதுக்குப் போனது. அவர் அச்சுக்கூடத்தில் தேடியபோது, சங்க ரசீது அச்சடித்த லித்தோ கல் கிடைத்தது. ஈய எழுத்தில் கோத்திருந்தால் வேலை முடிந்ததும் பிரித்துப் போட்டிருக்கலாம். கல்லச்சில் அது நடக்காது; மசி பிடித்த வடிவம் கல்லிலேயே நிற்கும், மணல் போட்டுத் தேய்த்தால்தான் போகும். யாரும் தேய்க்கவில்லை.

வேலூரிலும் எழுச்சி வரப்போகிறது என்று முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஆங்கிலேய அதிகாரிகளிடம் முன்கூட்டியே சொன்னார். அவரைப் பைத்தியம் என்று விலங்கு போட்டார்கள். 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கைக்கு வந்தது. மணிலாவில் தகவலை நம்பினார்கள், கைதுகள் ஆரம்பித்தன. இனி காத்திருந்தால் எல்லோரும் சிறையில்தான் என்று பொனிபாசியோ நகருக்கு வெளியே ஆட்களைக் கூட்டினார். அங்கேதான் 'செதுலா'வைக் கிழித்தார்கள். அது வரி ரசீதும் அடையாளச் சீட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. கையில் இல்லாமல் பிடிபட்டால் கைது. ஆகவே கிழித்தவன் பழையபடி வீட்டுக்குப் போய் உட்கார முடியாது.

ஆகஸ்ட் 30 அன்று சான் ஹுவான் தெல் மோந்தே வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கினார்கள். முதலில் கை ஓங்கியது; ஸ்பானியக் கூடுதல் படை வந்ததும் கத்தி துப்பாக்கிக்கு ஈடாகவில்லை. வேலூர் எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி படையோடு வந்தது நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அங்கே கதை அதோடு முடியவில்லை. அன்றே எட்டு மாகாணங்களில் ராணுவச் சட்டம் வந்தது. மறுநாளே கவீத்தே மாகாணம் கிளம்பிவிட்டது. இன்றைய பிலிப்பைன்ஸ் கொடியில் சூரியனுக்கு எட்டுக் கதிர் இருப்பது அந்த எட்டு மாகாணக் கணக்கில்தான்.

கேள்வி: செதுலா கிழித்த நாள் ஒரு புத்தகத்தில் ஆகஸ்ட் 23, இன்னொன்றில் 26. எதை எழுதுவது?
– போட்டித் தேர்வு எழுதும் வாசகி, குடியாத்தம்

பதில்: நாள் 23, இடம் புகாத் லாவின் என்றே எழுதுங்கள். 1963-இல் அந்நாட்டு அரசு அப்படி அறிவித்தது. அதற்குமுன் 26, பலின்தவாக் என்றுதான் கொண்டாடினார்கள். நேரில் இருந்தவர்களே ஆளுக்கொரு தேதி சொன்னதால் வந்த குழப்பம். கூட்டம் பல நாள் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரே தடவைதான் கிழித்தார்கள் என்று இருக்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: நம் பக்கத்து ஆட்கள் யாராவது அந்தக் காலத்தில் மணிலா போயிருக்கிறார்களா?
– வாசகர், ஆரணி

பதில்: இதற்கெல்லாம் நூறு வருடம் முன்பே. 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயக் கப்பற்படை புறப்பட்டதே மதராஸிலிருந்துதான். கூடப் போன சிப்பாய்களில் சிலர் 1764-இல் படை திரும்பியபோது வரவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா ஊரில் பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.