திம்பத்தில் ஸ்டியரிங் யார் கையில்?

ஐயா வணக்கம்ங்க,

நானும் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். டெம்போ டிராவலர் ஒன்றை, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாகக் கட்டி வாங்கியிருக்கிறோம். நான் பல வருஷமாகக் கார் ஓட்டுகிறவள். இவரோ, “நாலுவழிச் சாலை வந்தா நீ ஓட்டு, திம்பம், வால்பாறை மலைப்பாதையெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்கிறார். அடுத்த மாதம் திம்பம் வழியாக மைசூர் போகிறோம். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வது நல்லது? கார் லைசென்ஸ் போதுமா? ஆட்டோமேட்டிக் வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டுமோ?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஆர்.சி.யில் மொத்த எடை 7500 கிலோவைத் தாண்டாத வரை கார் ஓட்ட வாங்கிய எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும். அந்த எடைக்குள் உள்ள வாடகை வண்டிக்குக்கூடத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ஆட்டோமேட்டிக் பேச்சை விடுங்கள், வாசலில் நிற்கிற வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். நிறைய வீடுகளில் இதே ஏற்பாடு நடக்கிறது. அன்பினால் செய்வதாகத்தான் அவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. அவினாசியிலிருந்து சேலம் வரைக்கும் நாலாவது, ஐந்தாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தால் உங்கள் காலுக்கும் கைக்கும் என்ன பழகும்? பகல் இரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம் பார்த்து, தூக்கம் வருகிற சாலையை உங்களிடம் தருகிறார். இன்னொரு நாள் இருபதாவது வளைவில் அவருக்குச் சர்க்கரை இறங்கினாலோ இடுப்புப் பிடித்துக்கொண்டாலோ, மூன்றரை டன் வண்டியைக் கீழே கொண்டுவரப்போவது நீங்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக இறக்கம் பழகுவீர்களா? அவர் தெம்பாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பழகிவிட வேண்டும். இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் வால்பாறை மலையடிவாரத்து ஆழியாறு. வார நாளில் காலையில் போங்கள். வால்பாறைச் சாலையில் கொண்டை ஊசி வளைவு 40. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அதுவரை நீங்களே ஏற்றி, திருப்பி, நீங்களே இறக்குங்கள். அது கைவந்த பிறகு திம்பத்தின் 27 வளைவு.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். இரண்டாவதில் ஏறினால் இரண்டாவதில்தான் இறக்கம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிடுங்கள், வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைக்கத் தடுமாறாதீர்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வந்தால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, மிதி பொதபொதவென்று உள்ளே போகும். அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்துவிட வேண்டும். வேகம் கூடினால் மறுபடி அதே போல. கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுத்து அரைமணி ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை மன்னிக்கவே முடியாது. இப்போதைய டீசல் எஞ்சின் கியரில் உருளும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் டீசல் செலவாகிறது, எஞ்சின் பிடிப்பும் போகிறது. எஞ்சினையே அணைத்தால் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

வளைவில் நமக்குக் கஷ்டம் இடப்பக்கம் திரும்பும் வளைவுதான், அது உள்வட்டம். காரைப்போல உடனே ஒடித்தால் பின் இடது டயர் சாக்கடையில் இறங்கும். முன்பக்கம் நன்றாக வெளியே போன பிறகு ஒடியுங்கள். எதிர்ப்பக்கச் சாலையும் நமக்குத் தேவைப்படும் என்பதால், பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று அதை விட்டுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம். பின் அச்சுக்குப் பின்னால் உடம்பு நீண்டிருப்பதால், ஓரமாக நிறுத்தியதை வலப்பக்கம் ஒடித்து எடுக்கும்போது வால் இடப்பக்கம் வீசும். கோயில் தேர் திரும்பும்போது பின்னால் நிற்பவர்கள் விலகுகிற மாதிரி இடம் விட்டிருக்க வேண்டும்.

இனி அவருக்கு. கிளீனர் சீட்டில் உட்கார்ந்து தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்க வேண்டாம். “பாத்து, பாத்து” என்றால் எதைப் பார்ப்பது? “இடது டயருக்கு அரை அடி” என்றால் அது உதவி. ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டிக்கு நேர் பின்னால் நிற்காமல், வலது மிரரில் தெரிகிற இடத்தில் நிற்கட்டும். மிரரில் ஆள் தெரியாவிட்டால் நீங்கள் நிறுத்திவிடுங்கள்.

ஆள் மாறினால் சீட்டும் மூன்று மிரர்களும் மாற வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள், சீட் நகரும் தண்டவாளத்தில் ஆளுக்கொரு நிறத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். கேஸ் வால்வு, மேல் ஜன்னல், ஏணிப்படி, கரண்ட் வயர், ஃப்ரிட்ஜ் கொக்கி இவற்றை ஓட்டப்போகிறவரே ஒரு சுற்று வந்து தொட்டுப் பார்க்கட்டும். “நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்” என்ற பேச்சே வரக்கூடாது. வண்டியின் உயரத்தை அடிக்கணக்கில் டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள், ரயில்வே பாலங்களுக்குக் கீழே போகும்போது வேண்டியிருக்கும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைப் பக்கம் உயரமான வண்டியைத் தள்ளும். லாரியின் மறைவிலிருந்து வெளிவரும் நொடியில்தான் தள்ளு பலமாக இருக்கும். வேகத்தைக் குறைத்து இரு கைகளாலும் பிடியுங்கள்.

நீங்கள் கேட்ட மணிக்கணக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாற்று, கால் மணி நேரம் இறங்கி நடை. இரவில் திம்பம் அடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதற்காக, களைத்துப்போனவர் விரட்டிப் பிடிக்கக் கூடாது. சத்தியமங்கலத்திலேயே படுத்துவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். தண்ணீர்த் தொட்டியில் நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, அது தனிக்கணக்கு. தொட்டியை நிரப்பி, சாமான் எல்லாம் ஏற்றி, வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.