கேள்வி பதில்: கிருஷ்ணன்கோவில் மகாதேவன்

இசையமைப்பாளர் கே. வி. மகாதேவனைப் பற்றி ஒரு வாசகருக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன். அரசியல் கேள்வி கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

வடசேரி வாசகர்: மகாதேவன் எங்கள் ஊர்க்காரர் என்றால் கல்லூரியில் படிக்கும் என் மகன் நம்ப மறுக்கிறான். நீங்கள் சொன்னால் நம்புவான்.

முதலெழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 'கே' என்பது கிருஷ்ணன்கோவில்; 'வி' என்பது தந்தையார் வெங்கடாசலம். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்வரக்கூடிய அந்த நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில்தான் 1918 மார்ச் 14 அன்று அவர் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பருக்குள் அவர் சென்னையில் பெயர் பெற்ற இசையமைப்பாளராகிவிட்டார். சிறுவயதில் நாடகக் குழுக்களில் பாடியும் நடித்தும் வளர்ந்து, 1942இல் வெளிவந்த 'மனோன்மணி' படத்தில் திரையிசைக்குள் நுழைந்தார். 2001 ஜூன் 21 அன்று மறைந்தார். ஒழுகினசேரி கலைவாணரைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, கூப்பிடு தூரத்தில் பிறந்த இவரைத் தெரியாமல் போனதில் பிள்ளைகளின் குற்றம் எதுவும் இல்லை.

தக்கலை வாசகர்: 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்', 'வசந்த மாளிகை' என்று பட்டியல் போட்டால் யாரும் மலைத்துப் போவார்கள். ஆனாலும் பழைய பாடல் என்றவுடன் எம். எஸ். விஸ்வநாதன் பெயரும், அதற்குப் பின் இளையராஜா பெயரும்தான் வருகின்றன. மகாதேவன் எங்கே தவறிப்போனார்?

அவர் தவறிப்போகவில்லை, அவர் வேலை செய்த முறையே அவரை மறைத்துவிட்டது என்பது என் கருத்து. விஸ்வநாதன் மெட்டுக்குப் பாட்டும் வாங்கினார், பாட்டுக்கு மெட்டும் போட்டார். மகாதேவனோ, பாட்டு எழுதிக் கைக்கு வந்த பிறகே ஆர்மோனியத்தைத் தொடுகிறவர். தமக்குத் தெரியாத மொழியான தெலுங்கிலும் அவர் இந்த வழக்கத்தை விடவில்லை. வரியைப் படிக்கச் சொல்லி, பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பின்பே மெட்டமைத்தார். இதனால் கிடைத்த நன்மை, அவருடைய பாடல்களில் சொல் நசுங்குவதில்லை. குறில் நெடிலாக இழுபடுவதும், பொருள் முடியாத இடத்தில் மூச்சு முறிவதும் அரிது. கிடைத்த நட்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாட்டைக் கேட்கிறவர் கண்ணதாசனை மெச்சுகிறார், சௌந்தரராஜனை மெச்சுகிறார், திரையில் நிற்கும் சிவாஜியை மெச்சுகிறார். மெட்டு இவர்கள் மூவருக்கும் பின்னால் நின்றுகொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய பெரிய வெற்றிகளில் பல ஏ. பி. நாகராஜனின் புராணப் படங்களில் அமைந்தன. அந்தப் பாடல்கள் திரையரங்கிலிருந்து நேராகக் கோயில் ஒலிபெருக்கிக்குப் போய்விட்டன. 'கந்தன் கருணை'யின் பாட்டைத் தைப்பூசத்தன்று கேட்கிற பக்தருக்கு அது முருகன் பாட்டு, அவ்வளவுதான். அங்கே நின்று இசையமைப்பாளர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

குழித்துறை வாசகி: 'கங்கைக்கரைத் தோட்டம்' விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை என்று என் அக்காள் பந்தயம் கட்டுகிறாள். நான் மகாதேவன் என்கிறேன்.

பந்தயப் பணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாட்டு வரும் 'வானம்பாடி' (1963) கண்ணதாசனின் சொந்தத் தயாரிப்பு; இசை மகாதேவன். அதே ஆண்டு வந்த 'இருவர் உள்ளம்' படத்தின் 'பறவைகள் பலவிதம்', 'நதி எங்கே போகிறது', 'இதய வீணை தூங்கும்போது' ஆகிய பாடல்களுக்கும் அக்காள் இதே தவற்றைச் செய்யக்கூடும். முன்கூட்டியே தொகையை உயர்த்திக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் கவிஞரும் பாடகர்களும் இரு பக்கத்துக்கும் பொதுவானவர்களாக இருந்ததால் வரும் மயக்கம் இது.

பூதப்பாண்டி வாசகர்: பாட்டு கற்றுவரும் என் பேத்தி, 'ஒரு நாள் போதுமா' என்ன ராகம் என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரே ராகத்தின் பெயரைச் சொல்ல முடியாத பாட்டு அது. ஆகவே கூச்சப்பட வேண்டாம். 'திருவிளையாடல்' கதையில் ஹேமநாத பாகவதர் செருக்கு மிகுந்த வித்துவான். பாண்டிய நாட்டுப் பாடகர்களைத் தோற்கடித்து அடிமை கொள்ள வந்தவர். அவருக்குப் பாலமுரளிகிருஷ்ணா குரல் கொடுத்தார். பாட்டு மாண்ட் ராகத்தில் தொடங்குகிறது. சரணத்துக்கு வந்ததும் கண்ணதாசன் விளையாட ஆரம்பிக்கிறார்: 'எழுந்தோடி' என்ற சொல்லுக்குள் தோடியை ஒளித்து வைக்கிறார், அவையைக் குறிக்கத் தர்பார் என்கிறார், மோகனச் சுவை என்கிறார், கானடா என்று முடிக்கிறார். எந்த வரியில் எந்த ராகத்தின் பெயர் வருகிறதோ, அந்த வரியிலேயே மகாதேவன் அந்த ராகத்துக்குள் இறங்கிவிடுகிறார். பேத்தியை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். தோடி வருகிற இடத்தில் காந்தாரம் என்ற சுரத்தின் அசைவையும், மோகனத்துக்கு வந்தவுடன் மத்திமம், நிஷாதம் என்ற சுரங்கள் விலகிப்போய்ப் பாட்டு வெளிச்சமாவதையும் அவள் காதாலேயே பிடித்துவிடுவாள். ராகமாலிகை என்ற சொல்லுக்கு ஆசிரியை தரும் விளக்கம் அதற்குப் பிறகு எளிதாகப் புரியும்.

இந்தப் பாட்டை வைத்தே இன்னொரு பாடத்தையும் நடத்தலாம். ஹேமநாதர் தம் வித்தை முழுவதையும் கடைபரப்பி விடுகிறார். அதற்கு இறைவன் தரும் விடையான 'பாட்டும் நானே பாவமும் நானே' கௌரிமனோகரி என்ற ஒரே ராகத்தில் அமைந்திருக்கிறது. திரையில் சிவாஜி ஐந்து உருவெடுத்துப் பாட்டு, வீணை, குழல், மிருதங்கம், ஜதி என்று எல்லாவற்றையும் தாமே நடத்துகிறார். பாட்டு நடுவில் நிற்கிறது, உலகமும் நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் வாத்தியம் எதையும் ஒலிக்க விடாத துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அகந்தைக்குப் பல ராகம், ஆண்டவனுக்கு ஒரே ராகம் என்று மகாதேவன் திட்டமிட்டாரா, தானாக அமைந்ததா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. கேட்கிறவருக்கு அப்படித்தான் படுகிறது. இவை இரண்டுக்கும் நடுவே, பாண்டிய நாட்டுப் பாடகர் பாணபத்திரராக நடித்த டி. ஆர். மகாலிங்கம் மனமுருகி முறையிடும் 'இசைத்தமிழ் நீ செய்த அருஞ்சாதனை' ஆபேரியில் இருக்கிறது. ஒரே படத்தில் செருக்கு, இறைஞ்சல், தெய்வ வாக்கு மூன்றுக்கும் இசையாலேயே வேறுபாடு காட்டியிருக்கிறார் என்பதைப் பேத்தி பெரியவளானதும் உங்களுக்கே விளக்குவாள்.

குளச்சல் வாசகர்: நண்பர்கள் சிலர் மார்ச் மாதத்தில் கூடி மகாதேவன் பாடல்களைப் பாடி அவரை நினைவுகூர்கிறோம். வருகிற இளைஞர்கள், கிராமத்துப் பாட்டு என்றால் 1976இல் வந்த 'அன்னக்கிளி'க்குப் பின்புதான் என்கிறார்கள். எங்களுக்குச் சரியான பட்டியல் ஒன்று தாருங்கள்.

இளையராஜா கொண்டுவந்தது பெரிய மாற்றம். அதை மறுத்துப் பேசி இளைஞர்களை விரட்டிவிடாதீர்கள். மண்வாசனை அதற்கு முன்பே இருந்தது என்பதை மட்டும் போட்டுக் காட்டுங்கள், போதும். 'டவுன் பஸ்' (1955) படத்தில் எம். எஸ். ராஜேஸ்வரி பாடிய 'சிட்டுக்குருவி சிட்டுக்குருவி சேதி தெரியுமா' பாட்டிலிருந்து தொடங்கலாம். அடுத்து 1957ஆம் ஆண்டின் இரண்டு பாடல்கள்: 'மக்களைப் பெற்ற மகராசி'யில் மருதகாசி எழுதிய 'மணப்பாறை மாடு கட்டி', 'முதலாளி'யில் 'ஏரிக்கரையின் மேலே'. முதல் பாட்டில் மாடு வாங்குவதிலிருந்து விளைச்சலை விற்றுக் காசாக்குவதுவரை ஒரு விவசாயியின் முழு ஆண்டும் அடங்கியிருக்கிறது. மகாதேவன் அதற்கு ஏர் ஓட்டுகிறவனின் நடையைத் தாளமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பிறகு 'வண்ணக்கிளி' (1959). அதில் வரும் 'மாட்டுக்கார வேலா', 'சித்தாடை கட்டிக்கிட்டு' இரண்டையும் பாடத் தொடங்கினால் கூட்டத்தில் கை தட்டாமல் இருப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

கிராமியத்தோடு மட்டும் நின்றுவிட வேண்டாம். 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் சி. எஸ். ஜெயராமன் பாடிய 'இன்று போய் நாளை வாராய்', 'படிக்காத மேதை' (1960) படத்தில் சீர்காழியார் பாடிய பாரதியின் 'எங்கிருந்தோ வந்தான்', 'குங்குமம்' (1963) படத்தின் 'சின்னஞ்சிறிய வண்ணப்பறவை' ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். கடைசியாகச் சொன்னதை மேடையில் பாட நல்ல பயிற்சி வேண்டும். இயலாவிட்டால் இசைத்தட்டைப் போட்டுவிடுவது பாதுகாப்பானது. எம்.ஜி.ஆர். ரசிகர்கள் வந்தால் 'வேட்டைக்காரன்' (1964) படத்து 'உன்னை அறிந்தால்' தயாராக இருக்கட்டும்.

திருவட்டாறு வாசகர்: புகழ்ந்து தள்ளுகிறீர்கள். தேவர் பிலிம்ஸ் படங்களில் அவர் போட்ட டூயட்டுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று சொன்னால் கோபிப்பீர்களா?

கோபிக்க மாட்டேன், அதில் உண்மை இருக்கிறது. சின்னப்பா தேவர் பூஜை போடும்போதே வெளியீட்டுத் தேதியைக் கண்முன் வைத்துக்கொண்டு படம் எடுத்தவர். அந்த அவசரத்தில் பிறந்த பாடல்களில் சில, ஒன்றின் சரணத்தை எடுத்து இன்னொன்றில் பொருத்தினாலும் தையல் தெரியாது. எழுபதுகளில் வாத்திய அமைப்பிலும் அவர் தம் சமகாலத்தவரைவிடச் சிக்கனமாகவே இருந்தார். ஆனால் 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961) படத்தின் 'சிரித்துச் சிரித்து என்னைச் சிறையிலிட்டாய்', 'தாயைக் காத்த தனயன்' (1962) படத்தின் 'காவேரிக் கரையிருக்கு' இரண்டும் அதே அவசரத்தில் வந்தவைதாம். எம்.ஜி.ஆரின் சொந்தப் படமான 'அடிமைப்பெண்' (1969) வந்தபோது, எஸ். பி. பாலசுப்பிரமணியம் என்ற புதுக்குரலுக்கு 'ஆயிரம் நிலவே வா' என்ற பாட்டைக் கொடுத்து, அவரைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தவரும் இவரே.

மார்த்தாண்டம் வாசகர்: படத்தின் பெயர்ப் பட்டியலில் 'உதவி: புகழேந்தி' என்று வருகிறதே, அவர் யார்? மகாதேவன் மலையாளத்தில் இசையமைத்தாரா?

புகழேந்தியின் இயற்பெயர் வேலப்பன் நாயர், திருவனந்தபுரத்துக்காரர். மகாதேவன் மெட்டமைக்க, அதை வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் பாடகர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. தெலுங்கில் வந்த 'சங்கராபரணம்' படத்துக்காக, முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றிராத பாலசுப்பிரமணியத்தைப் பழக்கியவரும் புகழேந்திதான். பாலசுப்பிரமணியமே இதைப் பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். கிருஷ்ணன்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே சமஸ்தானத்தில் இருந்த காலத்தில் பிறந்த இருவர் சென்னையில் சேர்ந்து தமிழையும் தெலுங்கையும் ஆண்டார்கள் என்பதில் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்கள் பெருமைப்படலாம். மலையாளத்தில் மகாதேவன் செய்தவை மிகக் குறைவு. 1985இல் வந்த 'ரங்கம்' அவற்றுள் ஒன்று. தனியாக மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர் புகழேந்தி.

இரணியல் வாசகி: அவருக்கு விருது எதுவும் கிடைக்கவில்லையா?

கிடைத்தது, அதுவும் முதல் ஆளாக. தேசிய விருதில் சிறந்த இசையமைப்பாளர் என்ற பிரிவு 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் 'கந்தன் கருணை'க்காக மகாதேவன். பின்னர் 'சங்கராபரணம்' இரண்டாவது முறையாக அந்த விருதைக் கொண்டுவந்தது. ஒரு சிறு எச்சரிக்கை: 'கந்தன் கருணை'யில் வரும் 'திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்' மட்டும் குன்னக்குடி வைத்தியநாதனின் மெட்டு. மகாதேவனுக்கு வரவேண்டிய புகழ் பிறருக்குப் போவதைப் பற்றி வருந்துகிற நாம், பிறருடையதை அவர் கணக்கில் எழுதக்கூடாது அல்லவா?

சுசீந்திரம் வாசகர்: மகள் திருமணத்துக்கு நாதஸ்வரம் ஏற்பாடு செய்திருக்கிறேன். 'நலந்தானா' வாசிக்கச் சொல்லலாமா? சம்பந்தி வீட்டார் ஏதும் நினைப்பார்களா?

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை எம். பி. என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்குப் பிறகு, திருமண வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்காதவர் குறைவு. ஆனால் கதையில் அது, கத்திக்குத்துப் பட்டுத் தேறி வந்த வித்துவானிடம் நாட்டியக்காரி சபை நடுவே மறைமுகமாக நலம் விசாரிக்கிற பாட்டு. ஆகையால் முகூர்த்த நேரத்தில் வேண்டாம். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது வாசிக்கட்டும், சம்பந்திகளும் இலையில் கை வைத்தபடியே தலையாட்டுவார்கள். மாலை வரவேற்பில் நேரம் இருந்தால் அதே படத்தின் 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' பாட்டையும் கேளுங்கள். அது சண்முகப்பிரியா, நல்ல வித்துவான் கிடைத்துவிட்டால் பாட்டை முடித்துவிட்டு ராகத்தை விரிக்கத் தொடங்கிவிடுவார். மண்டபக்காரரிடம் அரைமணி நேரம் கூடுதலாகச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.